பின்சந்தில் பூத்தது குரோக்கஸ் அல்ல

முதலில் அதை நான் குப்பை என்றுதான் நினைத்தேன்.

மார்ச் மாதம். தாமுவே என்கிற பர்மிய நகர்ப்பகுதியில் எங்கள் கட்டடத்தின் பின்பக்கம். எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு படி, அதற்கப்பால் இரண்டு பேர் கைவிரித்து நின்றால் எட்டக்கூடிய அகலத்தில் வெறும் மண், அதையும் தாண்டினால் சாக்கடை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் அடுத்த தெருக் கட்டடங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். மேலே உள்ள மாடிகளிலிருந்து முட்டை ஓடு, சீப்பில் சிக்கிய முடி, பிளாஸ்டிக் பை என்று எது வேண்டுமானாலும் விழும். விழுவதைப் பொறுக்கிப் போடுவது தரைத்தளத்துக்காரர்களின் தலையெழுத்து.

அன்று காலை துணி காயப்போடப் போனேன். வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் ஊதா நிற மிட்டாய்க் காகிதம் கிடந்தது. எடுக்கக் குனிந்து இழுத்தேன். வரவில்லை. விரலில் குளிர்ச்சியாகப் பட்டது. அது பூ.

இலை இல்லை, தண்டு இல்லை. தரையிலிருந்து நேராக ஒரு பூ. மேலே இரண்டு வெள்ளை இதழ்கள் நிமிர்ந்து நின்றன, கீழே இரண்டு ஊதா இதழ்கள் விரிந்து தொங்கின. முகத்தை அருகில் கொண்டுபோனேன். சாக்கடை நாற்றத்தைத் தாண்டி மெல்லிய வாசம் வந்தது. மூன்று மாதமாக ஒரு சொட்டு மழை பெய்யாத மண் அது.

நான் ஒரு சிறிய மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவள். இருபத்தேழு வருடமாக அதே வேலை. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவேன். கண்ணில் பட்டது இன்னது என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். ‘ஏதோ ஒன்று’ என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வர முடியாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. போனில் படம் எடுத்தேன். செடிகொடிகளின் பெயர் சொல்லும் செயலி ஒன்று அதில் இருந்தது. மின்சாரமும் நெட்டும் ஒன்றாக வந்த நேரம் பார்த்து, மத்தியானம் படத்தை அதற்குக் காட்டினேன். ‘குரோக்கஸ்’ என்றது.

அதைப் பற்றிப் படித்தேன். குளிர்நாட்டுப் பூவாம். பனி உருகத் தொடங்கும்போதே, வேறெந்தப் பூவும் துணியாத நேரத்தில், தரையைக் கிழித்துக்கொண்டு வருமாம். குளிர்காலம் முழுக்க முடங்கிக் கிடந்து பசியோடு வெளியே வரும் தேனீக்களுக்கு அதுதான் முதல் சாப்பாடாம். படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பனி எங்கே, தாமுவே எங்கே?

நான் செய்த பிசகு, அந்தப் போனை அன்று சாயங்காலமே ஊலேயிடம் காட்டியதுதான். மாமா முறை வைத்து அழைக்கிற பர்மியச் சொல் அது. மூன்றாம் மாடியில் இருக்கும் அவரைக் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கட்டடக் கமிட்டியின் தலைவர். அவர் என்னை ‘சயாமா’ என்பார். டீச்சர், நர்ஸ், என்னைப் போன்றவர்கள் எல்லாருக்கும் அந்த மரியாதைச் சொல் உண்டு.

“பார்த்தீங்களா ஊலே, நம்ம பின்சந்துல குரோக்கஸ் பூத்திருக்கு. வெளிநாட்டுப் பூவாம்.” அவரிடம் நான் பேசுவது பர்மியத்தில்தான்.

போனை வாங்கிப் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு, சயாமா. ஆனா மழைக்கு முன்னால பின்சந்து முழுக்க சிமெண்டு போடப் போறோம். கொசுத் தொல்லை தாங்கல.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தின மழைக்காலத்தில் அவருடைய பேத்திக்கு டெங்கு வந்தது. பிள்ளை பிழைத்தது பெரிய காரியம். அவளுடைய தட்டணுக்களை எண்ணியவளே நான்தான். காலையும் மாலையும் எண்ணினேன். எண்ணிக்கை ஏறத் தொடங்கிய நாளில், அவர் அந்தக் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை. அதனால் அன்று நான் எதிர்த்து எதுவும் பேசவில்லை.

மறுநாள் அந்தப் பூ வாடிப் படுத்துவிட்டது. ஆனால் அதே இடத்திலிருந்து இன்னொன்று வந்திருந்தது. அதற்கு மறுநாள் இரண்டு. ஒரு பூவின் ஆயுள் ஒரு பகல்தான்.

வேலைக்குக் கிளம்புமுன் கிடைக்கும் முக்கால் மணி நேரமும் ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம் ஒரு பூவைப் பறித்து, பிளேடால் நெடுக்காகக் கீறி, பழைய கண்ணாடித் தகட்டில் வைத்து லென்ஸால் பார்த்தேன்.

“பூவுக்குப் போஸ்ட்மார்ட்டமா?” என்றாள் அக்கா. அத்தான் இறந்த பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். இருக்கிற இடம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை.

“இது குரோக்கஸ் இல்லக்கா.”

“எதுவா இருந்தா என்னடி? நமக்கு என்ன வந்துச்சு?”

குரோக்கஸுக்கு ஒரே மாதிரி ஆறு இதழ், மூன்று மகரந்தக் காம்பு. போனிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. என் தகட்டில் இருந்ததற்கு மகரந்தக் காம்பு ஒன்றே ஒன்று. இதழ்களும் ஒரே மாதிரி இல்லை. வெள்ளையும் ஊதாவுமாக எடுப்பாகத் தெரிந்தவற்றுக்குப் பின்னால் நூல்போல மெலிந்த மூன்று இதழ்கள் ஒளிந்திருந்தன. பூவின் அடிக்குழல் நீளமாக மண்ணுக்குள் இறங்கியது. விரலால் மண்ணைக் கொஞ்சம் விலக்கினேன். குரோக்கஸுக்கு வெங்காயம்போல ஒற்றைக் கிழங்கு இருக்குமாம். இங்கே இஞ்சிபோலக் கணுக்கணுவாக ஒன்று தட்டுப்பட்டது, அதன் வேர்களில் சின்னச் சின்ன உருண்டைகள். மோந்து பார்த்தேன். இஞ்சிக்குச் சொந்தக்காரன்தான், சந்தேகமே இல்லை.

பெயரைச் சொன்னது நாலாம் மாடி டோடோ. டோடோ என்றால் அத்தை மாதிரி. தெருமுனையில் காலையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மாள் அவர். நான் கையில் பூவோடு அவருடைய வண்டி முன்னால் நின்றதும் கரண்டியை வைத்துவிட்டார்.

“ம்யே பதௌக்! இதை எங்க பிடிச்சே?”

ம்யே என்றால் தரை. பதௌக் என்றால், எங்கள் ஊரில் சித்திரை மழை விழுந்ததும் மரமெல்லாம் மஞ்சளாகப் பூக்குமே, அது. பெண்கள் எல்லாரும் கொண்டையில் வைத்துக்கொள்வார்கள். தரையில் பூக்கிற பதௌக் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

“எங்க கிராமத்துக் காட்டுல மழைக்கு முன்னாடி பூக்கும். முதல்ல பூ, அப்புறந்தான் இலை. வீக்கத்துக்குக் கிழங்கை அரைச்சுப் போடுவோம்” என்றார் டோடோ.

“அப்ப இது வெளிநாட்டுப் பூ இல்லையா?”

“வெளிநாடா? யார் சொன்னா?”

“போன்.”

அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பின்சந்துக்கு அது எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. கட்டடம் கட்டியபோது லாரியில் கொட்டிய மண்ணோடு வந்திருக்கலாம் என்றார்.

பெயர் தெரிந்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் வருகிற பூச்சிகளைக் கவனித்து, பழைய டைரி ஒன்றில் குறிக்கத் தொடங்கினேன். வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீ ஒன்று ஏழு மணிக்கு வரும். உட்காராமல் பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று, ஊசிபோன்ற நாக்கைக் குழலுக்குள் செலுத்தும். சத்தம் மட்டும் அதன் உடம்பைவிடப் பெரிது. எள்ளளவு கொசுத்தேனீக்கள் மகரந்தத்தைக் காலில் அப்பிக்கொண்டு போகும். அந்த மாதத்தில் பின்சந்து முழுக்க வேறு ஒரு பூ கிடையாது. நான் இரண்டு பக்கமும் கடைசிவரை நடந்து பார்த்தேன். சாக்கடையும் பிளாஸ்டிக்கும்தான். அந்தத் தேனீக்களுக்கு எங்கள் சமையலறைக்குப் பின்னால் மட்டும்தான் இலை போட்டிருந்தது.

கமிட்டிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படிக்குக் கீழே. அதற்கு முந்தின நாள் நான் ஒரு வேலை செய்தேன். பரிசோதனைக் கூடத்தில் தூக்கிப்போடும் கண்ணாடிக் குப்பிகளைக் கொதிக்கவைத்துக் கழுவி எடுத்துக்கொண்டேன். ஒரு சொட்டுக்குழாயோடு மாடி மாடியாக ஏறினேன். கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டார் ஓடாது. அதனால் எல்லா வீட்டு வாசலிலும் தண்ணீர்ப் பீப்பாய் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் எடுத்தேன். மணிபிளாண்ட் வைத்த பாட்டில், மடித்துப் போட்ட தார்ப்பாயில் தேங்கியது, எதையும் விடவில்லை. அக்கா பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

“அடுத்தவங்க வீட்டு வாசல்ல என்னடி வேலை உனக்கு? நாளைக்கு இவங்க முகத்துல முழிக்க வேணாமா?”

“முழிப்பேன். நல்லாவே முழிப்பேன்.”

கூட்டத்தில் ஊலே சிமெண்டு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் குப்பிகளை மேஜையில் வரிசையாக வைத்தேன். ஐந்து குப்பியில் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன.

“டெங்குக் கொசு மண்ணுல முட்டை போடாது. தேங்கி நிக்கிற நல்ல தண்ணியிலதான் போடும். பின்சந்துல சாக்கடைத் தண்ணி தவிர நல்ல தண்ணி ஒரு சொட்டு நான் பார்க்கல. இது எல்லாம் நம்ம பீப்பாயிலேர்ந்து எடுத்தது. இது மூணாம் மாடி” என்று ஒன்றைத் தனியாக நகர்த்தி வைத்தேன்.

ஊலேயின் முகம் கறுத்தது. பேத்தியை நினைத்திருப்பார். அத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று பிறகு எனக்குத் தோன்றியது. அன்று தோன்றவில்லை.

“பீப்பாய் வேற விஷயம்” என்றார். “வெளிநாட்டுப் பூன்னு நீயேதானே காட்டினே? எங்கிருந்தோ வந்த செடிக்காக இந்த ஊர்க்காரங்க பூச்சிக்கடி படணுமா?”

“போன் தப்பாச் சொல்லிச்சு. நான் சரிபார்க்காம உங்ககிட்ட சொன்னது என் தப்பு. இது இந்த ஊர்ப் பூ. பேர்கூட பர்மியப் பேர்தான். டோடோகிட்ட கேளுங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “எங்கிருந்தோ வந்ததா இருந்தா மட்டும் என்ன? பூத்த இடத்துல இருக்கக்கூடாதா?”

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: “இந்தக் கலாமா ரொம்பப் பேசுது.”

இந்தியச் சாயல் உள்ள பெண்ணை அப்படிச் சொல்வார்கள். சொல்கிற குரலைப் பொறுத்து அது அடையாளம், இல்லையென்றால் வசவு. ரயில்வேயில் கூலிவேலைக்கு வந்த கொள்ளுத்தாத்தா முதல் என்வரை நான்கு தலைமுறை இந்த ஊரில் அதைக் கேட்டிருக்கிறோம். பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், மார்க்கெட்டில். ஆனால் அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். அக்கா என் புடவை முந்தானையைப் பிடித்து உட்கார் உட்கார் என்று இழுத்தாள்.

“ஆமா, கலாமாதான்” என்றேன். “இந்தக் கலாமாதான் உங்க பேத்தி ரத்தத்தைத் தினம் ரெண்டு வேளை எண்ணிச்சு. அப்ப சயாமான்னு கூப்பிட்டீங்க.”

கை தூக்கச் சொன்னார்கள். எனக்காகத் தூக்கிய கைகள் நாலு. அதில் அக்காவின் கை இல்லை. சிமெண்டு போடுவது என்று முடிவானது.

வியாழக்கிழமை மணலும் ஜல்லியும் வந்தன. நான் மருத்துவமனைக்குப் போன் செய்து இன்று வரமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள். “வீட்டுல ஒரு வேலை” என்றேன். ஸ்டூலையும் குடையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், பூ இருந்த இடத்தில், அதை மிதிக்காமல் காலை அகட்டி வைத்து உட்கார்ந்தேன். அன்று மூன்று பூ.

கொத்தனார் க்யிம்யிண்டைங் பேட்டையில் படகுத்துறைப் பக்கத்து ஆள். நல்ல வயசானவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினார்.

“எந்திரிங்க தங்கச்சி. கலவை இறுகிடும்.”

“இறுகட்டும்ணே.”

“எனக்கு வேலை கெட்டுப்போகும்.”

“அந்தக் கோடியிலேர்ந்து போட்டுட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லல. இங்க வரும்போது பாத்துக்கலாம்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு அந்தக் கோடிக்குப் போனார். பத்து மணிக்கு வெயில் உறைத்தது. குடையின் நிழலை என் தலைக்குப் பிடிப்பதா, பூவுக்குப் பிடிப்பதா என்று தெரியவில்லை. மேல்மாடிப் பால்கனிகளில் தலைகள் வந்து வந்து போயின. யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. பயம் கொஞ்சம் இருந்தது. நாளைக்குத் தண்ணீர் மோட்டாரை எங்களுக்கு மட்டும் நிறுத்துவார்களோ, வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி பண்ண வைப்பார்களோ என்றெல்லாம் மனசு ஓடியது. ஓடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதுவரை யார் எதைச் சொன்னாலும் எழுந்து இடம் விட்டவள் நான். அன்று மட்டும் எழுந்திருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

பதினொன்றரைக்கு ஊலே வந்தார். கூடவே கமிட்டி ஆட்கள் இரண்டு பேர்.

“எழுந்திரு. முடிவு பண்ணியாச்சு.”

“உங்க முடிவு எனக்குத் தெரியும். நான் எழுந்திருக்க மாட்டேன்.”

அப்போது எனக்குப் பின்னால் சமையலறைக் கதவு திறந்தது. அக்கா. கையில் இன்னொரு ஸ்டூல். என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலை என் பக்கத்தில் போட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். அக்காவின் பர்மியம் மார்க்கெட்டுக்கு மட்டும் போதுமானது. அதை வைத்துக்கொண்டே சொன்னாள்:

“என் தங்கச்சிய கலாமான்னு சொன்னீங்க. நானும் கலாமா. ரெண்டு கலாமா இருக்கோம். போடுங்க சிமெண்டு.”

கொத்தனாருக்குப் பர்மியமும் தெரியும். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். “ஆள் மேல எல்லாம் நான் கலவை கொட்டமாட்டேன்” என்று ஊலேயிடம் பர்மியத்தில் சொல்லி, பீடியைப் பற்றவைத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.  கலவை வெயிலில் இறுகிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஊலேதான் பேசினார். ஒரு கட்டில் அளவு இடத்தை விட்டுவிடலாம். ஆனால் கொசு வந்தாலும் பாம்பு வந்தாலும் பொறுப்பு தரைத்தளத்துக்காரர்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேயே காகிதம் வந்தது. நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். மற்ற காகிதங்களில் எல்லாம் பர்மியத்தில்தான் போடுவேன். அன்று சின்ன வயதில் கோவில் தமிழ் வகுப்பில் கற்ற எழுத்தில், முழுப் பெயரையும், ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.  கொத்தனார் எங்களைச் சுற்றி ஒரு வரிசை செங்கல் வைத்தார்.

“ஒனக்காகவோ பூவுக்காகவோ நான் வரல” என்றாள் அக்கா, சோறு போடும்போது. “அந்த வார்த்தைக்காக வந்தேன்.”

“சரிக்கா.”

“அன்னிக்கே கை தூக்கியிருக்கணும்.” குழம்பை ஊற்றினாள்.

ஏப்ரலில் வரும் திஞ்ஜான் தண்ணீர்ப் பண்டிகை முடிந்து முதல் மழை விழுந்ததும் இலை வந்தது. சுருட்டிய குடைபோல நுனி நீட்டி, இரண்டு நாளில் விரிந்தது. மேற்புறம் பச்சையில் வெள்ளிக் கோலம் போட்டதுபோல, கீழ்ப்புறம் அடர்ந்த ஊதா. ஒல்லியாகப் புல்போல வரும் குரோக்கஸ் இலைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டைரியில் பெயரை எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆவணியில் இலைகள் சுருண்டு ஓட்டை விழுந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் புழு. அக்கா துடைப்பத்தோடு வந்தாள். நான் தடுத்துவிட்டேன். இஞ்சி, மஞ்சள் சாதி இலைகளைத் தின்றே வளரும் புழு அது. பிறகு வெள்ளைப் புள்ளி வைத்த பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள் எங்கள் சமையலறை ஜன்னல்வரை வந்தன. மழைநாளில் ஒரு தேரை இலைக்கடியில் குடிவந்தது. பாம்பு வரவில்லை.

சனிக்கிழமைதோறும் பீப்பாய்களைச் சோதிப்பது என் வேலையானது. யாரும் ஒப்படைக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் மாடிப் பீப்பாய்க்கு இப்போது வலைத்துணி கட்டியிருக்கிறது. ஊலேயின் மனைவி கட்டினார். பேத்தி என்னைப் பார்த்தால் கையசைப்பாள். ஊலே மட்டும் பேசுவதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் குப்பி விஷயத்துக்காகக் கேட்கவில்லை.

இந்த மார்ச்சில் கட்டில் அளவு இடத்தில் ஒரே நாளில் ஒன்பது பூவரை எண்ணினேன். நீலக்கோட்டுத் தேனீயும் ஒன்றல்ல, நாலைந்து. எங்கே தங்குகின்றன என்று பார்த்தபோது, பூச்சு உதிர்ந்த பின்சுவரின் செங்கல் இடுக்குகளில் பென்சில் தடிமனுக்குத் துளைகள் தெரிந்தன. பழைய சுண்ணாம்புக் காரையைக் குடைந்து கூடு வைத்திருக்கின்றன.

நேற்று மாடிப்படிக்குக் கீழே அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பின்சுவர் முழுவதையும் மழைக்கு முன் சிமெண்டால் பூசப்போகிறார்களாம்.

இன்று காலை டைரியை எடுத்துக்கொண்டேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, “இரு, நானும் வர்றேன்” என்றாள். இரண்டு பேரும் மூன்றாம் மாடிக்கு ஏறினோம். மூச்சு வாங்கியது. நான் ஊலே வீட்டுக் கதவைத் தட்டினேன்.